சாம்பார்ல பருப்பும், 16-க்கு 6-ம்!

மக்களே, ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் முடிச்ச யாரையாவது நடுராத்திரி எழுப்பி, 'சாலை விபத்தைத் தடுக்க 8 ரெகமண்டேஷன்ஸ் சொல்லு'னு கேட்டுப் பாருங்க. கண்ணைத் திறக்காமலே ஒப்பிப்பான். அவனேதான் காலையில ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல வெச்சுட்டு காலேஜுக்கு வருவான். சரி, அது வேற கதை!

நானும் அந்தக் கோஷ்டிதான். இங்கிலீஷ் இன்டர்னல்ல தண்ணீர் சிக்கனத்துக்கு ரெகமண்டேஷன்ஸ் கேட்டாங்க. நான் உருப்போட்டது சாலை விபத்து. ஹெல்மெட்டைத் தூக்கிட்டு குழாயை வெச்சேன். 'விழிப்பு உணர்வு ஏற்படுத்த வேண்டும்', 'அபராதம் விதிக்க வேண்டும்' எல்லாம் எந்தத் தலைப்புக்கும் பொருந்துமே! 16-க்கு 14.

அதே பேப்பர்ல, ஹாஸ்டல் மெஸ் பத்தி வார்டனுக்கு ஒரு லெட்டர். இதுக்கு உருப்போடலை. சாம்பார்ல பருப்பைத் தேடின சோகத்தை முதல்முறையா சொந்த இங்கிலீஷ்ல எழுதினேன். 16-க்கு 6. பக்கத்துல சிவப்புப் பேனாவால ஒரு சுழி. ஒரு வார்த்தை இல்லை. வயித்தெரிச்சல்ல பக்கத்து செக்‌ஷன் மேம்கிட்ட காட்டினா, 'நான்னா 12 போட்டிருப்பேன்டா'ங்கிறாங்க. 6-ஆ, 12-ஆ? எனக்கு எழுத வருமா, வராதா?

இந்த வாரப் பக்கத்துக்காகத் துழாவினப்போ ஒரு ஆறுதல் கிடைச்சது. 1961-ல் அமெரிக்காவில் பால் டீடெரிக் என்பவரும் அவரோட சகாக்களும் ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஃபர்ஸ்ட் இயர் மாணவர்கள் எழுதின 300 கட்டுரைகள். திருத்தினது 53 பேர்: பேராசிரியர்கள், எடிட்டர்கள், வக்கீல்கள், கம்பெனி அதிகாரிகள். மொத்தம் 9 கிரேடு. 101 கட்டுரைகளுக்கு அந்த 9 கிரேடும் விழுந்திருக்கு! அதாவது ஒரே கட்டுரை ஒருத்தருக்குத் தங்கம், இன்னொருத்தருக்குத் தகரம். காரணத்தையும் தோண்டியிருக்காங்க. ஒருத்தர் ஐடியாவைப் பார்த்தார், ஒருத்தர் ஸ்பெல்லிங்கை, இன்னொருத்தர் கட்டுரை கோவையா இருக்கானு.

1980-களில் நியூயார்க் மாகாணத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் இன்னும் ஒருபடி மேல போனாங்க. ஒரே மூச்சுல எழுதற பரீட்சைக்குப் பதிலா, செமஸ்டர்ல எழுதித் திருத்தித் திரும்ப எழுதின கட்டுரைகளை ஃபைலா வாங்கினாங்க. அதைப் படிச்சு பாஸா, ஃபெயிலானு சொன்னது வேற வகுப்பு ஆசிரியர். அதுக்கு முன்னாடி எல்லா ஆசிரியர்களும் ஒண்ணா உட்கார்ந்து, மாதிரிக் கட்டுரைகளை வெச்சு 'எது தேறும், எது தேறாது'னு சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தாங்க. நம்ம ஸ்டாஃப் ரூம்ல அப்படி ஒரு சண்டை நடந்தா, காசு கொடுத்துப் பார்க்க நான் ரெடி!

ஆனா எங்க மேமுக்கு நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 60 பேர். ஃபைல் வாங்கினா அவங்க தூங்கின மாதிரிதான். எதுக்கு எத்தனை மார்க்னு முன்னாடியே சொல்றதுக்கும், ஏன் குறைஞ்சதுன்னு ஒரு வரி எழுதறதுக்கும் அவ்வளவு நேரம் ஆகாதே?

துணிஞ்சு போனேன். 'மார்க் மாத்த முடியாதுப்பா'ன்னாங்க. 'மார்க் வேணாம் மேம், எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க'ன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. பேப்பரை வாங்கி முழுசாப் படிச்சாங்க. 'சாம்பார் கதை நல்லா இருக்கு. ஆனா வார்டன் என்ன செய்யணும்னு நீ எங்கேயுமே கேக்கலையேப்பா!'



அட, ஆமால்ல!