கேட் இறங்கும் நேரம்

ரயில்வே கேட் மணி அடித்ததும் பைக் ஓட்டிகளுக்கு வரும் வேகம் ஆம்புலன்ஸுக்குக்கூட வராது. இறங்கும் கம்பத்தின் கீழே தலையைக் குனித்து, வண்டியையும் சாய்த்து நுழைகிறார்கள். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், இருபுறமும் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். இவர்கள் இடித்துக்கொண்டு நுழைய நுழைய, ஆயிரம் பேர் ஏறிய ரயில் வெளியே காத்துக் கிடக்கும். அந்தப் பூட்டு இல்லாத கேட்டின் ஆபத்தை 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதியபோது பார்த்தோம். கேட்கீப்பரைக் கேள்வி கேட்டோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘திற, திற’ என்று ஹாரன் அடித்து அவரை நெருக்குகிறவர்களை யார் கேட்பது? மூடிய கேட்டைத் திறந்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது 1989 ரயில்வே சட்டம். சிறையெல்லாம் இருக்கட்டும். ஹெல்மெட் போடாதவருக்குக் கேமரா பார்த்து அபராதம் அனுப்புகிற ஊரில், கேட்டுக்கு ஒரு கேமரா வைக்க என்ன தயக்கம்?