அது லக் இல்லை மச்சான், முழுக்க லக் இல்லை

ஒரு நல்ல பறவைப் படத்தை ஆருக்கும் காட்டிப் பாருங்கள். இரண்டு கதைதான் வரும். ஒன்று, "என்ன கமரா?" மற்றது, "உங்களுக்கு நல்ல லக்." படம் எடுத்தவர் அந்த இடத்துக்கு எத்தனை தரம் வெறுங்கையோடு போய் வந்தவர் என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. எங்களுக்கு இதில கொஞ்சம் கோபம் உண்டு. அதேநேரம், லக் என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் உழைப்புத்தான் என்று வீரம் பேசுகிற ஆக்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

குளங்களிலயும் கடல்நீரேரிக் கரைகளிலயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைக் கண்டிருப்பீர்கள். அது தண்ணிக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும். அலகு கீழே பார்க்கும். பிறகு குத்தென விழும். இந்தப் பழக்கம் தெரிந்த ஆளுக்கு அது நிற்கிற அந்தச் சில செக்கன்கள் போதும். தெரியாதவர் தண்ணி தெறித்த பிறகுதான் கமராவைத் தூக்குவார். இரண்டு பேருக்கும் முன்னால வந்தது ஒரே பறவைதான்.

இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆகவே காற்று எங்கட முதுகுப் பக்கமிருந்து வீசினால் எங்களை நோக்கி எழும்ப வாய்ப்புக் கூட. பூநாரை தண்ணிக்குள்ள கொஞ்சத் தூரம் ஓடித்தான் மேலே போகும், அந்த ஓட்டமே எங்களுக்கு முன்னறிவித்தல். பருந்து எழும்ப முன்னம் அனேகமாக எச்சம் போடும் (சிரிக்க வேண்டாம், நல்ல நல்ல படங்கள் இதை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன). கமராவிலயும் இதே கதைதான். முந்தினநாள் இரவு சாமத்திய வீட்டு மண்டபத்தில 1/60இல் விட்ட ஷட்டரோட விடியக் கரையில நின்றால், பறவை வெறும் புகையாகத்தான் வரும். 1/2000க்கு மாற்ற மூன்று செக்கன் காணும். அந்த மூன்று செக்கனைப் பறவை தராது.

ஆனால் இவ்வளவும் செய்தாலும் பறவை வர வேண்டுமே. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஒக்ரோபரில் வலசை தொடங்கினால் அந்தப் பக்கம் ஒரே கொண்டாட்டம். அங்கேயே மூன்று விடியல் நின்றவருக்கு ஒன்றும் அம்பிடாமல் போகும். மன்னார் பஸ்ஸில யன்னல் சீற்றில வந்தவர் போனிலயே பூநாரைக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போவார். நடக்கிறதுதான். ஆயத்தமாக இருக்கிறதால பூநாரை வரப்போறதில்லை. வந்தால் தவறவிடாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த நிச்சயமின்மையைத் தாங்க ஏலாத ஆக்கள்தான் லக்கைத் தாங்களே செய்யப் பார்க்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில 2009ஆம் ஆண்டு முதற்பரிசு, வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய் ஒன்றின் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவெடுத்து, 2010இல் பரிசைப் பறித்தார்கள். 2017இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் பாடம் செய்து வைத்த விலங்கு என்று முடிவாகி, அடுத்த வருசம் அதுவும் போனது. இரண்டு படப்பிடிப்பாளர்களும் குற்றச்சாட்டை மறுத்தவர்கள்.

எங்கட ஊர்ப் பதிப்பு இதைவிடச் சின்னது, ஆனால் பறவைக்கு இன்னும் கொடுமை. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டு நிற்கும். பறக்கிற படம் வேணும் என்று ஒருத்தர் கல்லெறிவார், இன்னொருத்தர் ட்ரோனை அனுப்புவார். கூட்டம் எழும்பும், படம் வடிவாகத்தான் இருக்கும். அதுகள் இஞ்ச வாறது தின்னத்தான். ஒவ்வொரு தரமும் எழுப்பிக் கலைக்க, தின்கிற நேரமும் சேர்த்த பலமும் வீணாகப் போகிறது. இப்படி எடுத்த படத்துக்கு நாங்கள் லைக் போடுகிறதில்லை என்று ஒரு முடிவு வைத்திருக்கிறோம். கடுமையான முடிவுதான். கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் கோவித்தும் இருக்கிறார்கள்.

காத்திருக்கிறது என்றால் அரிதான ஒன்றுக்காகத்தான் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த படப்பிடிப்பாளர் தர்மபாலன் திலக்சன் எடுத்த, அம்பாறைக் குப்பைமேட்டில் யானைகள் தின்கிற படங்கள் 2020இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. அந்த யானைகள் ஒளிச்சிருக்கவில்லை. ஊர்ச்சனம் கண்டு பழகின காட்சி அது. கமராவோடு போய் அதைப் பார்க்க ஒருத்தர் தேவைப்பட்டார்.

இனி, ஆருக்கு ஆயத்தமாக இருக்க ஏலும் என்பது. 600 மில்லிமீற்றர் லென்ஸும் வில்பத்து ஜீப்புக் காசும் உள்ளவருக்கு வாய்ப்புக் கூட என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம். நிக்கோன் பி900 மாதிரி ஒரு பழைய சூம் கமராவை நாலு பேர் மாறிமாறிப் பாவித்தாலும் நல்ல படம் எடுக்கலாம். எங்களுக்குப் பெரிய விசயமாகத் தெரிகிறது விடியற்காலை. ஒரு பெடியன் ஐந்தரைக்குத் தரவையில தனிய நிற்பான். வீட்டில அம்மா "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொல்லுவா. அவன்ர தங்கச்சி அதே கமராவோட வெளிக்கிட்டால் ஆரோட, எங்க, ஏன், எத்தனை மணிக்கு வருவாய் என்று நாலு கேள்வி. வெளிச்சம் நல்லாயிருக்கிற அந்த ஒரு மணித்தியாலம் வாசற்படியிலயே முடிஞ்சிடும். அவள் வெளிக்கிட்டு வரும்போது ஒன்பது மணி, வெயில் ஏறியிருக்கும், பறவையும் தூரப் போயிருக்கும். பிறகு "பெட்டையளுக்கு இதில பொறுமை காணாது" என்று நாங்களே கதைப்பம்.

அதால இந்த முறை வலசைக் காலத்தில சனிக்கிழமை விடியல்களில கூட்டமாகப் போகப் போகிறோம். தங்கச்சிமாரும் அக்காமாரும் சேர்ந்துதான் வருவினம், வீடுகளில நாங்களே வந்து கதைக்கிறம். ஐந்து மணிக்குப் பஸ் ஸ்ராண்டடியில நிற்கோணும். பட்டறியை இரவே சார்ஜ் போடுங்கோ. அடையாள அட்டையையும் மறக்காதேங்கோ, நீளமான லென்ஸைக் கண்டால் கரையில ஆரும் வந்து என்ன எடுக்கிறீங்கள் என்று கேட்பினம்.