பனியில் நிற்கும் குதிரைகள்

கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் குடியேறிய நம்மவர் பிள்ளைகள் டிசெம்பர், ஜனவரி மாதங்களில் அனுப்பும் புகைப்படங்களுள் ஒரு காட்சி இடம்பெறுவதுண்டு. வெண்பனி மூடிய பரந்த வெளி. அதன் நடுவே முதுகிலும் பிடரியிலும் பனி படிந்தவாறு அசையாது நிற்கும் நாலைந்து குதிரைகள். கண்ட மாத்திரத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள், "ஐயோ பாவம், வாயில்லாச் சீவன்கள்! ஒரு கொட்டிலாவது போட்டுக் கொடுக்கக் கூடாதா?" என்று மனமிரங்குவர். இரக்கம் நல்ல குணமே. ஆயினும் குதிரையின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டு இரங்குவது இன்னும் நல்லது. குளிர்நாடுகளில் குதிரை வளர்ப்போர் பனிக்காலத்தில் அவற்றை ஏன் வெளியே விடுகின்றனர், விட்டபின் எவற்றையெல்லாம் கவனிக்கின்றனர் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

முதுகிற் படிந்த பனி உருகாமல் கிடக்கிறதே, அதுவே குதிரை நலமாயிருப்பதற்கு ஓர் அடையாளம். உடற்சூடு வெளியே கசிந்தால் அப்பனி உருகியிருக்கும். ஆனி மாதம் கடந்து பகற்பொழுது குறுகத் தொடங்கியதுமே குதிரையின் உடல் பனிக்காலத்துக்கு ஆயத்தமாகிறது. குளிர் வருவதற்கு வெகு முன்னரே, வெளிச்சத்தின் அளவைக் கொண்டே நீண்ட அடர்ந்த உரோமம் அரும்புகிறது. குளிர் மிகும்போது ஒவ்வோர் உரோமமும் குத்திட்டு நின்று தம்மிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும். இத்தகைய உரோமமும் நல்ல சதைப்பிடிப்பும் உள்ள குதிரை, காற்றும் ஈரமும் இல்லாவிடின், உறைநிலைக்குக் கீழே 10 பாகை சென்ரிகிரேட் அளவிலும் அதிக சிரமமின்றி நிற்கும். அதே குதிரை தோல்வரை நனைந்துவிட்டால், உறைநிலைக்கு மேலே 5 பாகையிலேயே நடுங்கத் தொடங்கிவிடலாம். எனவே அங்குள்ளோர் பனியைக் காட்டிலும் குளிர்மழைக்கும் அதனோடு வரும் காற்றுக்குமே அதிகம் அஞ்சுகின்றனர்.

உரோமம் வெளிப்போர்வை, அடுப்போ வயிற்றுக்குள் இருக்கிறது. குதிரையின் பெருங்குடற் பகுதியில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கவைத்துச் சீரணிக்கின்றன. அவ்வேலையில் வெப்பம் பிறக்கிறது. ஆகையால் குளிர் மிகும் நாளில் குதிரைக்குத் தேவையானது உலர்புல்லே. தானியம் கொடுத்தாற் சூடு உண்டாகும் என்று எண்ணி ஓட்சை அள்ளி வைப்போர் இன்றும் உளர். தானியம் பலம் தரும், ஆயின் நார்ப்பொருளைப்போல் நெடுநேரம் உள்ளே கனன்றுகொண்டிராது. திடீரெனக் கூட்டினால் வயிற்றுவலியும் வரும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் வேண்டும். தாங்கும் எல்லைக்குக் கீழே குளிர் இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் தீவனத்தை நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம் கூட்டுதல் ஒரு கணக்கு. புல்லை ஒரே குவியலாக இடாமல், குதிரைகளின் தொகையைவிட ஒரு குவியல் கூடுதலாக, தள்ளித் தள்ளி இடுவார்கள். கூட்டத்தில் அதிகாரம் செலுத்தும் குதிரை ஒன்று எப்போதும் இருக்கும். அது மெலிந்ததைத் துரத்தினாலும் துரத்தப்பட்டது மறு குவியலிற் போய்த் தின்னலாம்.

தண்ணீர் விடயத்திலேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சுற்றிலும் பனி கிடக்கிறது, நக்கித் தாகம் தீர்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் ஆபத்தானது. உலர்புல் தின்னும் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும். அத்தனை பனியை அது தின்னவும் முடியாது. தின்றாலும் அதை உருக்குவதிலேயே உடற்சூடு வீணாகும். பனிக்கட்டி மிதக்கும் நீரைக் குதிரை தயங்கியே குடிக்கும். வாய்க்கு இதமான நீரானால் நிறையக் குடிக்கும். நீர் குறைந்தால் தின்ற புல் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். பனிக்காலத்திற் குதிரைகளைக் கொல்லும் வயிற்றுவலிகளுள் இது முக்கியமானது. அதனால் விடியலிலும் மாலையிலும் தொட்டியின் பனிப்படலத்தை உடைப்பது அந்நாட்டுக் குதிரைக்காரரின் தலையாய கடமை. வசதியுள்ளோர் மின்சாரத்தாற் சூடேற்றும் தொட்டி வைத்திருக்கின்றனர். நமது நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் வரட்சியில் தண்ணீரின்றி மடிவதை நாம் அறிவோம். உறைபனிக்கு நடுவிலும் அதே தாகம் குதிரையைக் கொல்லும் என்பது நமக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

வெளியே விடுவது முறையென்றால் ஆபத்தே இல்லையா? ஐஸ்லாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்நாட்டுக் குதிரைகள் ஆயிரம் ஆண்டுகளாக வேற்றினக் கலப்பின்றி வளர்ந்தவை. பிறநாட்டுக் குதிரை அங்கே நுழைய இயலாது. அங்கிருந்து வெளியே சென்ற குதிரையும் திரும்பி வர முடியாது. அவ்வளவு கட்டுக்காவல்! அவற்றுட் பெரும்பாலானவை பனிக்காலம் முழுவதும் வெளியிலேயே நிற்பவை. குளிர் தாங்குவதில் அவற்றுக்கு நிகரானவை சிலவே. அப்படியிருந்தும் 2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வடபகுதியில் வீசிய பனிப்புயலிற் சுமார் 100 குதிரைகள் மாண்டன. ஈரமான பனி கடுங்காற்றோடு வந்து உடலில் ஒட்டி உறைந்தது. மின்சாரம் அறுந்து வீதிகள் மூடுண்டன. புயலடிக்கும்போது குதிரை காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டியபடி நிற்கும், அல்லது காற்றின் திசையில் மெல்ல நகரும். வேலியோ வாய்க்காலோ குறுக்கிட்டால் அவ்விடத்திலே சிக்கிக்கொள்ளும். ஆகவே வெளியே விடுபவர்கள் காற்றை மறிக்கும் சுவரையோ, மூன்று புறம் அடைத்த கொட்டிலையோ, அடர்ந்த மரவேலியையோ அமைத்துக்கொடுத்தல் இன்றியமையாதது. கதவு வேண்டியதில்லை. விரும்பியபோது உள்ளே வரவும் வெளியே போகவும் குதிரைக்குத் தெரியும்.

அப்படியானால் இலாயத்திலேயே கட்டிவைத்து விடலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். குதிரை ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ந்து, நடந்து, மீண்டும் மேய்ந்து கழிக்கும் பிராணி. அதன் இரைப்பை இடையறாது அமிலம் சுரப்பது. தீவனமின்றி நெடுநேரம் நின்றால் புண் உண்டாகும். குளிருக்குப் பயந்து சாளரங்களை இறுக மூடிய இலாயத்தில் வைக்கோற் தூசியும் பூஞ்சணமும் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயுவும் நிறைந்து இருமலையும் மூச்சிரைப்பையும் வருவிக்கும். கால்கள் வீங்கும். சில குதிரைகள் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக இடைவிடாது ஆடுவதைக் காணலாம். இது சிறைவாசத்தின் நோய் என்பதே எமது கருத்து. பனிக்காலத்திலும் வேலை வாங்கப்படும் குதிரைகளின் கதை வேறு. வியர்வை விரைவில் உலர்வதற்காக அவற்றின் உரோமத்தைக் கத்தரித்துவிடுகின்றனர். மனிதன் அகற்றிய போர்வைக்கு மனிதனே ஈடு செய்ய வேண்டும். மழை புகாத போர்வை அணிவித்தே அவற்றை வெளியே விடுவார்கள். அப்போர்வையும் தினந்தோறும் கழற்றிப் பார்க்கப்பட வேண்டியது. அடியில் ஈரம் தங்கினால் போர்வையே நோயாகிவிடும்.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பனியைவிடச் சேறே பெரும் எதிரி. 500 கிலோ எடை நான்கு சிறு குளம்புகளின் வழியே ஊறிய நிலத்தில் இறங்கும்போது புற்றரை சில வாரங்களிற் களிமண் குழம்பாகிவிடுகிறது. வாயிற்படலை அருகில் முழங்காலளவு சேறு! இதில் நிற்கும் குதிரைகளின் கணுக்காற் பகுதியில் தோல் வெடித்து நுண்ணுயிர் புகுந்து பொருக்குக் கட்டும். ஆங்கிலேயர் இதனைச் சேற்றுக் காய்ச்சல் என்பர். சேற்றைக் கழுவிக் கழுவித் தோலை ஊறவைப்பதினும், உலரவிட்டுத் தூரிகையால் உதிர்ப்பதே நல்லது. அனுபவசாலிகள் முழு நிலத்தையும் மிதிக்க விடமாட்டார்கள். ஒரு துண்டை மட்டும் பனிக்காலத்துக்கென ஒதுக்கிப் பலி கொடுத்துவிட்டு மற்றவற்றை வசந்தத்துக்குக் காப்பாற்றுவர். வாயிலிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் கல்லும் சரளையும் பரப்புவர். மிதிபட்டு வெறுமையான நிலத்தில் ராக்வோர்ட் எனும் மஞ்சட்பூச் செடி முளைக்கும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது. இலையுதிர்காலத்திற் சைக்கமோர் மரத்தின் சிறகு விதைகள் மேய்ச்சலில் விழுவதும் அஞ்சத்தக்கதே. அவ்விதையைத் தின்ற குதிரைகள் தசை அழிந்து சில நாட்களுள் மடிவதுண்டு. இந்நோய்க்கும் விதையிலுள்ள நஞ்சுக்குமுள்ள தொடர்பு ஐரோப்பாவில் 2013ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று.

இலாடம் பூட்டிய குளம்பினுள் பனி இறுகி உருண்டையாகிவிடும். குதிரை குதியுயர்ந்த சப்பாத்து அணிந்ததுபோலத் தள்ளாடி, வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்ளும். வேலையில்லாக் குதிரைகளின் இலாடத்தைப் பனிக்காலத்துக்குக் கழற்றிவிடுவது இதனாலேயே.

கண்ணாற் பார்த்துக் குதிரையின் நலத்தை மதிப்பிடுவது பனிக்காலத்தில் இயலாத காரியம். அடர்ந்த உரோமத்தினுள்ளே விலா எலும்புகள் துருத்தி நின்றாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கொழுத்த குதிரையாகவே தோன்றும். வாரம் ஒருமுறையேனும் கையுறையைக் கழற்றி, உரோமத்தினூடே விரல்களைச் செலுத்தி விலாவைத் தடவிப் பார்க்க வேண்டும். பல் தேய்ந்த கிழக் குதிரைகள் உலர்புல்லை மெல்ல மாட்டாமல் உருட்டித் துப்பிவிடும். அவற்றுக்கு ஊறவைத்த மென்தீவனம் கொடுத்து இரவில் உள்ளே கட்டுவதே தகும்.

மாசி, பங்குனியிற் பகல் நீள நீள உரோமம் கற்றை கற்றையாக உதிர்கிறது. அப்போது முளைக்கும் இளம்புல்லில் சர்க்கரைச் சத்து மிகுதி. பனிக்காலமெல்லாம் உலர்புல் தின்ற குதிரையை ஒரே நாளில் அதில் அவிழ்த்துவிட்டால் குளம்பினுள் அழற்சி கண்டு நடக்க மாட்டாது போய்விடும். முதல் நாள் சிறிது நேரம், மறுநாள் அதனிலும் சற்றுக் கூடுதலாக என்று சில வாரங்கள் வரையிற் படிப்படியாகவே மேய விடுகின்றனர்.