கோவிந்த் ஸ்வரூப்: கருவிகளும் சீடர்களும்

விஞ்ஞானி ஒருவர் மறைந்தால் அவர் வகித்த பதவிகளையும் பெற்ற விருதுகளையும் வரிசைப்படுத்தி இரங்கலுரை எழுதுவது நம் நாட்டு வழக்கம். 2020 செப்டம்பர் 7ஆம் தேதி புனே நகரில், தமது 91ஆம் வயதில் காலமான கோவிந்த் ஸ்வரூப் அவர்களைக் குறித்தும் அவ்வாறே பலர் எழுதினர். பத்மஸ்ரீ விருதும், லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் பதவியும் அவருக்குத் தகுந்த கௌரவங்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அனுபவமற்ற இளைஞரை நம்பிப் பெரும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்த துணிவே அவரது தனிச் சிறப்பு. அத்துணிவு இன்று நம் ஆராய்ச்சிக் கூடங்களில் அருகி வருவதால், அவரிடம் அது எவ்வாறு செயற்பட்டது என்பதை எடுத்துரைப்பது அவசியமாகிறது.

அவரே அவ்வாறு நம்பப்பட்டவர்தாம். அலகாபாத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்று, டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் கே. எஸ். கிருஷ்ணன் அவர்களின் கீழ்ப் பணியாற்றிய அவ்விளைஞர், 1953இல் சிட்னிக்கு அனுப்பப்பட்டார். ரேடியோ வானவியல் அப்போதுதான் அங்கு தளிர்த்து வந்தது. சூரியனை ஆராய அங்கு பயன்பட்ட, சுமார் 1.8 மீட்டர் விட்டமுடைய 32 கிண்ண ஆன்டெனாக்கள் கழித்துக் கட்டப்படவிருந்தன. அவற்றை இந்தியாவுக்கு நன்கொடையாகக் கேட்டுப் பெற்றார் ஸ்வரூப். கப்பற்கூலியை யார் ஏற்பது என்ற வினாவால் அவை வந்து சேர்வதில் நீண்ட தாமதம் ஏற்பட்டது என்பது, கோப்புகளின் நடையை அறிந்தோருக்கு வியப்பளிக்காது.

1961இல் வெளிநாடுகளில் பணியாற்றிய நான்கு இந்திய ரேடியோ வானவியலாளர், தாய்நாடு திரும்பி ஒரு குழுவாக உழைக்க விரும்புவதாக எழுதினர். ஹோமி பாபா அதனை ஏற்றார். ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்றிருந்த ஸ்வரூப் 1963இல் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அந்த ஆஸ்திரேலியக் கிண்ணங்களை 1965இல் பம்பாயை அடுத்த கல்யாணில் நிறுவியவர்களில், அப்போதுதான் படிப்பை முடித்து வந்த இளைஞர்களும் இருந்தனர். ரேடியோ தொலைநோக்கியை அதுவரை கண்ணாலும் கண்டிராதவர்களுக்கு, அதனை அமைக்கும் வேலையே முதற்பாடமாயிற்று.

உதகமண்டலம் அருகே முத்தோரையில் 1970இல் செயற்படத் தொடங்கிய தொலைநோக்கி இதனினும் பெரிய துணிவு. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அதன் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக இருத்தல் வேண்டும். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. எனவே அதே அளவு சாய்ந்த, வடக்கு தெற்காக அமைந்த மலைச்சரிவு ஒன்று தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வாறு அமைத்தபின், ஒரே அச்சில் சுழற்றினால் போதும். விண்பொருள் ஒன்றை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நோக்கலாம். கோடிக்கணக்கில் செலவிட்டுப் பிற நாட்டார் தேடிய வசதியை இங்கு மலையே அளித்தது. ரேடியோ அலைகளை வெளியிடும் விண்பொருளைச் சந்திரன் மறைக்கும் கணத்தைக் கொண்டு அதன் இடத்தையும் உருவளவையும் நுட்பமாக அறிவதே நோக்கம். பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பதாகக் கூறிய கொள்கைக்கு எதிரான சான்றுகளை இக்கருவியின் துணையால் 1975இல் வெளியிட்டவர்கள் ஸ்வரூப்பும், அவர்தம் மாணவர் விஜய் கபாஹியும் ஆவர்.

பிற்காலத்தில் ஸ்வரூப்பின் பொறுப்புகளையும் ஏற்ற கபாஹி 1999இல் மறைந்தார். சீடரை முந்தவிட்ட துயரத்தை ஆசிரியர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தார்.

நாராயண்காவை அடுத்த கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுடைய 30 ஆன்டெனாக்களை அமைத்தபோதும் அதே வழி. கம்பிக் கயிறுகளை இழுத்துக் கட்டி, அவற்றின்மேல் மெல்லிய எஃகு வலையை விரிக்கும் முறையினால் எடையும் செலவும் குறைந்தன; காற்றின் தாக்குதலும் தணிந்தது. பணம் போதாமையே இவ்வுபாயத்துக்குத் தாய் எனலாம்.

இன்று நிலைமை வேறு. மூடிய பெட்டியாக வந்திறங்கும் அயல்நாட்டுக் கருவி துல்லியமாக இயங்குகிறது. அதனைக் கட்டுவதில் இளைஞர் காலத்தைச் செலவிடுவானேன் என்று கேட்போர் உளர். அவ்வினாவில் நியாயமும் உண்டு. எல்லாக் கருவிகளையும் நாமே செய்துகொள்ள இயலாது. ஆனால் பெட்டி பழுதுபட்டால் உற்பத்தியாளரின் ஆளுக்காகக் காத்திருக்கும் மாணவன், அளவீட்டில் தோன்றும் பிழை இயற்கையினுடையதா கருவியினுடையதா என்று எவ்வாறு பிரித்தறிவான்? கொள்முதல் விதிகள் முடிந்த பொருளை வாங்குவதை எளிதாக்குகின்றன. இளைஞன் ஒருவன் முயன்று தோற்பதற்குரிய தொகையை ஒதுக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. ஸ்வரூப்பின் பெயரால் சொற்பொழிவுகள் நடத்துவதைவிட, ஆய்வுக்கூடம்தோறும் அத்தகைய ஒரு தொகையை ஒதுக்குவதே அவருக்கு ஏற்ற நினைவுச்சின்னமாகும்.

ஓய்வுபெற்ற பின்னரும் அவர் இளைஞரை மறக்கவில்லை. பட்டப்படிப்பும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நடைபெறல் வேண்டும் என்று வி. ஜி. பிடே அவர்களுடன் சேர்ந்து வற்புறுத்தி வந்தார். 2006 முதல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையங்களுக்கு அவ்வற்புறுத்தலும் ஒரு காரணம்.

2023 ஜூன் மாதத்தில், பல்சார் நட்சத்திரங்களின் துடிப்பை அளந்து, மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட ஈர்ப்பு அலைகளுக்கான சான்றுகள் கிடைத்துள்ளதாகப் பல நாட்டுக் குழுக்கள் அறிவித்தன. ஐரோப்பியக் குழுவினர் பயன்படுத்திய அளவீடுகளுள் கோடத்தின் ஆன்டெனாக்கள் சேகரித்தவையும் இருந்தன. அப்போது ஸ்வரூப் மறைந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை.