தூண்டிலை நிறுத்தினது சரி, குழாயை எப்ப நிறுத்துவீங்கள்?



ஒஸ்லோ ஃபியோர்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள்ளே சண்டை இல்லை. அங்கே தொர்ஸ்க் மீனின் நிலை படுமோசம். 2019 யூனில் ஸ்வீடன் எல்லையிலிருந்து தெலமார்க் வரை தொர்ஸ்க் பிடிக்கத் தடை வந்தது. 2026 ஜனவரியிலிருந்து, சில விதிவிலக்குகளோடு, மீன்பிடியே இல்லாத பகுதிகளும் வந்துவிட்டன. இந்தத் தடைகளை நான் ஆதரிக்கிறேன். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்களும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்ச மீனையா எடுத்தார்கள்?

என் கோபம் வேறு. யாரை முதலில் நிறுத்தினார்கள், யாரை விட்டுவைத்தார்கள் எண்டு பாருங்கோ.

ஃபியோர்டின் வாயிலில் உள்ள இத்ரெ வாலர், 2009இல் நோர்வேயின் முதல் கடல் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா எண்டு பெயர் வைத்த பிறகும் அதற்குள்ளே இறால் பிடிக்கும் இழுவைமடிகள் வருடக்கணக்காகக் கடலடியை வாரின. தொர்ஸ்க் பிடித்த அப்பா மட்டும் குற்றவாளி.

அடுத்தது நைட்ரஜன். வயல்களிலிருந்தும் கழிவுநீர் நிலையங்களிலிருந்தும் அது ஃபியோர்டுக்குள் வந்து பாசியைப் பெருக்குகிறது. பாசி செத்து அடியில் அழுக, தண்ணீரில் ஒட்சிசன் குறைகிறது. நைட்ரஜனை அகற்றும் வசதி பல நிலையங்களில் இன்னும் இல்லை. அரசின் ஃபியோர்டுத் திட்டம் 2021இல் வந்தது. ஃபியோர்டுக்குத் தண்ணீர் விடுகிற கொம்யூன்கள் நூற்றுக்கு மேல். ஆர் காசு கட்டுவது எண்ட இழுபறி முடியவில்லை. தூண்டிலை நிறுத்த ஒரு விதி காணும். குழாயை நிறுத்தக் காசும் வேணும், பலமானவர்களோடு மோதவும் வேணும்.

கடலில் தூண்டில் போட நோர்வேயில் அனுமதிச்சீட்டுத் தேவையில்லை. ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் முதுகு முறிய வேலை செய்துவிட்டு ரொம்சோஸ் புளொக்குகளுக்கு வந்த அப்பாமாருக்கு ஹுத்தையும் இல்லை, படகும் இல்லை. கோடையில் காசில்லாமல் கிடைக்கிற சந்தோசம் இது ஒன்றுதான். "வாளியோட நிக்கிற வெளிநாட்டுக்காரர்தான் ஃபியோர்டை அழிக்கினம்" எண்டு எங்கட பெடியளே கதைக்கிறதை நான் கேட்டிருக்கிறன். அது வலதுசாரியின் வசனம். அதுக்குப் பச்சை பூசி எங்கட கூட்டங்களுக்குக் கொண்டுவராதேங்கோ.

இந்த வரிசை எங்கட கடலிலும் நடந்ததுதான். தமிழ்நாட்டுக் கரையோரம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாகின. அந்தத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்த இராமநாதபுரம் பெண்களை வனத்துறை விரட்டியது, பிடித்தது, அபராதம் போட்டது. அதே கடற்பகுதியைத் தோண்டிக் கப்பல் விட, 2005இல் பிரதமர் மன்மோகன் சிங் மதுரையில் சேதுக் கால்வாய்த் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். கையால் பாசி பறித்தால் இயற்கைக்குக் கேடு, கடலடியைத் தோண்டினால் வளர்ச்சி! அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள், பாசி எடுப்பதற்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. கடலை நம்பி வாழ்கிறவர்களைக் காவலாளி ஆக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

ஆகவே ஃபியோர்டு பற்றி அடுத்த அறிக்கையில் கையெழுத்து வைக்கும்போது மூன்றையும் சேர்த்துக் கேளுங்கோ. பூங்காக்களுக்குள் இழுவைமடி முழுதாக நிற்க வேணும். எல்லாச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நைட்ரஜன் அகற்ற அரசு காசு கொடுக்க வேணும், அந்தச் சுமையைப் புளொக் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தில் ஏற்றக் கூடாது. தடைகளின் விளக்கம் தமிழ், உருது, சோமாலி, போலிஷ் மொழிகளில் கரையிலேயே இருக்க வேணும். தெரியாத விதிக்குத் தண்டம் கட்டுகிறவர் ஃபியோர்டின் நண்பராக மாட்டார்.

கரையில் நிற்கிற அப்பாமாரிடம் முதலில் நாங்கள் போவோம். "பச்சைக்காரர் உங்கட தூண்டிலைப் பறிக்கினம்" எண்டு சொல்ல வலதுசாரிகள் ஏற்கெனவே ஆயத்தம்.