சபைக் காணியில் மக்கள் தோட்டம்

நகரத்தாருக்குப் பசி வரும்போது மட்டுமே நம் ஆட்சியாளருக்கு மண்வெட்டியின் நினைவு வருகிறது. 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசிக் கப்பல்களின் வரவு நின்றபோது, கிடைத்த நிலத்திலெல்லாம் பயிர் செய்யுங்கள் என்று மக்களுக்கு உபதேசிக்கப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அரிதானபோது மரவள்ளிக் கிழங்குக்கு மகுடம் சூட்டப்பட்டது. 2022ஆம் ஆண்டிலோ, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையே வழங்கப்பட்டது. அந்த விடுமுறையில் மண்வெட்டி பிடித்தவர் எத்துணை பேர் என்பதை ஆராயப் புகுவது நமது நோக்கமன்று. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. கொழும்பு மாநகர சபையும் அவ்வாண்டில் நகரக் காணிகளிற் பயிரிடும் திட்டத்தை அறிவித்தது. பஞ்சம் தணிந்தது, உற்சாகமும் தணிந்தது.

இத்திட்டங்கள் யாவும் நல்லெண்ணத்துடன் எழுந்தவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், பசியிற் பிறந்த தோட்டம் பசியோடு மடிவதற்குக் காரணம் யாது? மக்களின் சோம்பல் என்று கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறர் காணியில், யாரோ ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி, நாளை வேலியடைக்கப்படுமோ என்ற அச்சத்துடன் எவனும் ஒரு முருங்கைக் கம்பைக்கூட ஊன்றமாட்டான். கீரை விதைத்தால் ஒரு மாதத்தில் அறுக்கலாம். மண்ணைப் பண்படுத்த மூன்று வருடங்களாவது வேண்டும். மூன்று வருடங்களுக்கு உறுதியளிக்கும் எழுத்து ஒன்று மக்கள் கையில் இருத்தல் வேண்டும். இதுவே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விடயம்.

வாய்ச்சொல்லின் பெறுமதி எத்தன்மையது என்பதை அண்மைக் காலம் நன்கு காட்டியிருக்கிறது. 2023 மார்ச் மாதத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவடைந்தது. அதன்பின் தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதியில். இடையில் ஈராண்டுகளுக்கு மேலாக, மக்கள் தெரிந்தெடுத்த சபையுமில்லை, அங்கத்தவருமில்லை. அதிகாரிகளே ஆட்சி செய்தனர். ஓர் அங்கத்தவரின் தயவினால் ஒரு துண்டு நிலத்திற் பயிரிட்டவன், அந்த அங்கத்தவர் பதவியிழந்த மறுநாள் யாரிடம் போய் முறையிடுவான்? தயவு பதவியோடு போய்விடும். கையெழுத்திட்ட உடன்படிக்கையோ, சபை மாறினாலும் சபையைக் கட்டுப்படுத்தும்.

ஹெந்தளையை எடுத்துக்கொள்வோம். களனி ஆற்றுக்கு வடக்கே, கடலுக்கும் முத்துராஜவலைச் சதுப்புக்கும் இடையே நெருங்கிக் குடியேறிய பகுதி இது. 1983க்குப் பின்னரும் போர்க்காலத்திலும் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்களும், மலையகத்திலிருந்து வந்தவர்களும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு வாடகை தாங்காது ஆற்றைக் கடந்தவர்களும் இங்கு வாழ்கின்றனர். இவர்களுள் எத்தனையோ பேர் விவசாயிகளின் மக்கள். கிணற்றடியில் வாய்க்கால் மாறித் தண்ணீர் கட்டியவர்களும், வெங்காயத்துக்குப் பாத்தி பிடித்தவர்களும், தேயிலைக்கிடையே ஒரு முழ நிலத்திற் போஞ்சி நட்டவர்களும் இன்று மாடிவீட்டுப் பல்கணியில் இரண்டு சாடிகளோடு காலங் கழிக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வெண்டியின் பூ எந்த நிறம் என்பது தெரியாது. அந்தத் தலைமுறை மறைந்தால் அந்தக் கைப்பழக்கமும் மறையும். அதனைப் பின்னர் எந்தத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தாலும் மீட்க இயலாது.

ஒருபுறம் நிலமற்ற கைகள். மறுபுறம் கையற்ற நிலம். வீதி ஓரத்திலும், பொதுக் கட்டடங்களின் பின்புறத்திலும், கட்டப்படாத திட்டங்களுக்கென ஒதுக்கிய இடங்களிலும், பற்றை மண்டிக் குப்பை நிரம்பிய காணித் துண்டுகளைக் காணாதார் இலர். இவற்றை விற்கும்படியோ தானம் செய்யும்படியோ நாம் கேட்கவில்லை. காணி சபையினுடையதாகவே இருக்கட்டும். யாழ்ப்பாணத்தார் கணக்கில் ஒரு பரப்பு, கொழும்பார் கணக்கிற் பத்துப் பேர்ச். ஏறக்குறைய 2,700 சதுர அடி. நூறு சதுர அடி கொண்ட பாத்தியாக இருபது குடும்பங்களுக்குப் பகிர்ந்தாலும், நடைபாதைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எருக்குழிக்கும் எழுநூறு சதுர அடி மிஞ்சும். நூறு சதுர அடியில் ஒரு குடும்பத்துக்குச் சோறு விளையாது. கீரையும், வெண்டியும், கத்தரியும், பந்தலேறிய பயிற்றையும், ஒரு கறிவேப்பிலைக் கன்றும் விளையும். விலை ஏறிய காலத்தில் ஏழைக் குடும்பங்களின் தட்டிலிருந்து முதலில் மறைந்தவை இவை போன்றவையே.

அயல்நாடுகளில் இது புதுமையன்று. இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாக்காளரோ வரியிறுப்போரோ ஆறு பேர் எழுத்தில் கேட்டால், உள்ளூராட்சி மன்றம் பயிர்ப்பாத்திக்கான கோரிக்கையைக் கவனத்திற் கொண்டே ஆகவேண்டும். அந்நோக்கத்துக்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் சம்மதமின்றி விற்கவோ வேறு காரியத்துக்குத் திருப்பவோ இயலாது என 1925ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் கட்டுப்பாடு விதித்தது. இன்று இலண்டனில் வாழும் நம்மவர் பலர் பூசணியும் கீரையும் விளைவிப்பது இத்தகைய பாத்திகளில்தான். நிலத்துக்குத் தங்கத்தின் விலை சொல்லும் சிங்கப்பூரிலும், இரண்டரை மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட பாத்தியொன்றைப் பூங்காவினுள் மூன்றாண்டுக்கு வாடகைக்குப் பெறலாம். சிங்கப்பூரிலும் அருமையானதா ஹெந்தளை நிலம்?

நமக்குப் பெரும் பாடம் நியூயோர்க் நகரத்திலுள்ளது. 1973ஆம் ஆண்டில் லிஸ் கிறிஸ்ரி என்னும் பெண்மணியும் அவருடைய தோழர்களும் அந்நகரின் குப்பை நிரம்பிய வெற்றுக் காணியொன்றைத் துப்புரவாக்கித் தோட்டமாக்கினர். அடுத்த ஆண்டு நகராட்சி அதனை மாதம் ஒரு டொலர் வாடகைக்கு அவர்களிடம் விட்டது. 1978இல் இதற்கென்று ஒரு திட்டத்தையே நகராட்சி ஆரம்பிக்க, நூற்றுக்கணக்கான தோட்டங்கள் எழுந்தன. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது தற்காலிக அனுமதி மாத்திரமே. தோட்டங்களினால் அயல் செழித்தது. செழித்த அயலில் நிலவிலை ஏறியது. ஏறிய விலையைக் கண்ட நகராட்சி 1999ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலத்திற் கூறிவிற்க முற்பட்டது. குப்பைமேட்டைப் பூஞ்சோலை ஆக்கியவர்களுக்கு அந்தப் பூஞ்சோலையே பகையாயிற்று! இறுதியில் இரண்டு தரும நிறுவனங்கள் 4.2 மில்லியன் டொலர் கொடுத்து அத்தோட்டங்களை வாங்கி மீட்டன. எஞ்சியவற்றுக்கு, வழக்குக்குப் பின்னர் 2002ஆம் ஆண்டில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. நம் ஊரில் அத்தகைய தருமவான்கள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதைவிட, முதலிலேயே உடன்படிக்கையைச் சரியாக எழுதிக்கொள்வது புத்தி.

சபைகள் தயங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு என்பதை நாம் அறிவோம். இன்று பாத்தி கட்டுபவன் நாளை கொட்டில் கட்டுவான், மறுநாள் உரிமை கொண்டாடுவான் என்ற அச்சம் அது. நகரப் பகுதியில் அந்த அச்சம் முற்றாக ஆதாரமற்றதுமன்று. ஆயினும் அதற்கு மருந்தும் எழுத்தே. காணி சபைக்கே சொந்தம் என ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர், பின்னர் அதனைத் தமது என்று கூற வாயெடுக்க முடியாது. கூரையிட்ட கட்டடம் எதுவும் எழுப்பலாகாது என்றும் அதில் எழுதலாம். அதற்கு ஈடாகச் சபையும், குறைந்தது ஐந்து வருடங்களுக்கு உறுதியளித்தல் வேண்டும். பொதுத்தேவை ஒன்றுக்காகக் காணியை மீளப் பெற நேர்ந்தால், நின்ற பயிரை அறுக்கும்வரை தவணை தந்து, அயலில் மாற்றுக் காணி காட்டவும் வேண்டும். உடன்படிக்கை தனி ஆட்களோடன்றி ஒரு சங்கத்தோடு அமைவது நன்று. நம்மிடையே சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பத்திரிகை வாசிக்கும் மேசையோடு அவற்றின் பணி முடிந்துவிட வேண்டுமென்பதில்லை. பாத்திகளைப் பகிர்வதிலே அங்கத்தவரின் சிபார்சுக் கடிதத்துக்கு இடமளிக்கலாகாது. பெயர்களை ஊரறியச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். இரண்டு மாதம் பாத்தியைப் பாராதிருப்பவருக்குப் பதில் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவர் வரவேண்டும். இந்த விதி கடுமையாகத் தோன்றும். எனினும் பொதுத் தோட்டங்கள் அழிவது பெரும்பாலும் திருடராலன்று. ஆரம்ப விழாவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு பிறகு வராதவர்களாலேயே.

உடன்படிக்கை எந்த மொழியில் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த பாத்திகளில் நிற்கப்போகும் தோட்டத்தின் ஒழுங்குவிதிகள், அவரவர் வாசித்து விளங்கும் மொழியிலே இருப்பதுதான் முறை. விளங்காத தாளில் இட்ட கையெழுத்து வழக்குக்கு வித்து.

இனி மண்ணைப்பற்றிச் சில சொற்கள். இதிலே அசட்டை கூடாது. ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் 2002ஆம் ஆண்டுவரை எரிக்கப்பட்டது; ஈயம் மண்ணைவிட்டு எளிதில் அகலுவதில்லை. ஆதலின் பெருவீதி ஓரத்து மண்ணையும், பழைய பட்டறை, குப்பைமேடு இருந்த மண்ணையும் பரிசோதியாமற் பயிரிடலாகாது. ஐயமுள்ள இடத்தில் ஓரடி உயரத்துக்குக் கல்லடுக்கி வேற்று மண் நிரப்பிய மேட்டுப்பாத்தியே தக்கது. வெள்ளம் ஏறும் இப்பகுதிக்கு அது வேறு வகையிலும் பொருந்தும். களனியின் 2016ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 2025 நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கால்வாய் நீரை வாளியில் அள்ளி ஊற்றலாம் என்று எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. சதுப்பின் உவர்நீரை வடிப்பதற்காக 1802 முதல் 1804 வரை ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்ரன் கால்வாய் ஹெந்தளையினூடாகவே செல்கிறது. அதனில் உவரும் உண்டு, நகரின் கழிவும் உண்டு. கழிவுநீரில் தழைக்கும் கங்குங் கீரை, அந்நீரிலுள்ள உலோக நஞ்சையும் உடன் உறிஞ்சும். மழைநீரைத் தொட்டியிற் சேர்ப்பதே வழி. தொட்டிக்கு மூடி அவசியம். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டதை மறந்து நாம் தோட்டம் போட முடியாது. அதே வேளையில், பாராமற் கிடக்கும் வெற்றுக் காணியின் சிரட்டையிலும் டயரிலும் பெருகும் நுளம்பு, நாள்தோறும் மனிதர் நடமாடும் தோட்டத்திற் பெருகாது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே ஒப்புக்கொள்வர்.

மற்றொன்று: வெற்றுக் காணி என்ற பெயரில் முத்துராஜவலையின் ஓரத்தை நிரப்பித் தோட்டம் அமைக்க எவரேனும் முன்வந்தால், அதனை முதலில் எதிர்ப்பவர்கள் நாமாக இருப்போம். வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் அச்சதுப்பைத் தொடாதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

எருவுக்கு எங்கு போவது? ஹெந்தளைக்கு அயலில் உள்ள கெரவலப்பிட்டிக்கே கொழும்பின் குப்பை நாள்தோறும் வண்டி வண்டியாக வருகிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபின், அச்சுமை இப்பக்கம் திரும்பியது. 2021இல் அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் தொடங்கப்பட்டது. நகரக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது அழுகும் பொருள். ஈரமான அப்பொருள் எரிப்பதற்கு உதவாது, மட்குவதற்கே உதவும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சமையலறையிலேயே அதனை வேறாகப் பிரித்தால், அந்தச் சுமை ஹெந்தளைக்கு நாற்றமாக வராமற் கூட்டெருவாக வரும். நகரத்தின் கழிவைச் சுமக்கும் ஊர், அக்கழிவிலிருந்து பிறக்கும் எருவைக் கேட்பது பிச்சையன்று.

நமது விவசாய வாசகர்கள் ஒரு வினாவை எழுப்பக்கூடும். கொழும்பார் தமக்கு வேண்டியதைத் தாமே விளைவித்தால் எங்கள் வெங்காயத்தையும் மிளகாயையும் வாங்குவார் யார்? இந்த அச்சம் வேண்டாம். நூறு சதுர அடியில் வெங்காய மூடை விளையாது. பேலியகொடைச் சந்தைக்கு லொறியில் ஓரிரவு முழுதும் பயணம் செய்து வாடி வதங்கி வந்து சேரும் கீரைக்கட்டுத்தான் இத்தோட்டங்களில் விளையும். அதில் விவசாயிக்கு லாபம் இருந்ததுமில்லை. மேலும், ஒரு பருவம் கத்தரிக்குப் புழுவோடு போராடிய நகரத்தான், அதன்பின் கத்தரிக்காயின் விலையைக் குறைத்துக் கேட்கச் சற்றே கூசுவான். 2021ஆம் ஆண்டில் ஒரே நாளிற் செயற்கைப் பசளையைத் தடைசெய்தபோது விவசாயிகள் எழுப்பிய கூக்குரல் நகரத்தின் காதில் விழப் பல மாதங்கள் சென்றன. மண்ணைத் தொட்டிருந்தால் அத்தனை தாமதம் ஏற்பட்டிராது.

எமது வாசகருள் சட்டத்தரணிகளும், பொறியியலாளரும், வைத்தியரும், ஆசிரியரும் உளர். உடன்படிக்கையின் மாதிரியொன்றை வரைதல், மண் மாதிரியை விவசாயத் திணைக்களத்துக்கு அனுப்புதல், மழைநீர்த் தொட்டிக்குக் கணக்கிடுதல் ஆகியவை அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தெரிவு செய்யப்பட்ட சபைகள் மீண்டும் இயங்கத் தொடங்கியுள்ளன. வத்தளைப் பகுதிச் சபைகளும் கொழும்பு மாநகர சபையும் தமக்குச் சொந்தமான பயன்படாக் காணிகளின் பட்டியலை, இடமும் பேர்ச் அளவும் குறித்து, இரு மொழிகளிலும் தத்தம் அறிவித்தற் பலகையில் ஒட்டவேண்டும் என்பது நமது முதற் கோரிக்கை. இதற்குப் பணம் வேண்டியதில்லை. சபையின் அடுத்த அமர்வில் ஓர் அங்கத்தவர் பிரேரிக்கவும் இன்னொருவர் ஆமோதிக்கவும் முன்வந்தாற் போதும். அவர்கள் எக்கட்சியினராயினும், அப்பிரேரணையை இப்பத்திரிகை ஆதரிக்கும்.