தஸ்பீஹ் மணியும் ஏழையின் பசியும்

தொழுகை முடிந்ததும் சுப்ஹானல்லாஹ் 33 முறை, அல்ஹம்துலில்லாஹ் 33 முறை, அல்லாஹு அக்பர் 33 முறை. விரல்கள் நகர்கின்றன, மணிகள் உருள்கின்றன. ஓதி முடித்து வெளியே வந்ததும், பள்ளிவாசல் படியில் கை நீட்டி நிற்பவரைப் பார்த்து "தள்ளிப் போ" என்று விரட்டவும் அதே நாவால் முடிகிறது. இது எப்படி?

இதைப் பார்த்துவிட்டு, "கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தால் யார் வயிறு நிறையும்?" என்று கேலி செய்பவர்கள் ஒரு பக்கம். "திக்ரை ஒழுங்காகச் செய்தால் போதும், மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் மறுபக்கம். இவர்கள் எதிரெதிர் அணி போலத் தெரிந்தாலும் செய்யும் தவறு ஒன்றுதான். இறை நினைவு வேறு, இரக்கம் வேறு என்று இருவருமே நம்புகிறார்கள்.

இந்த 33 என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அந்த நிகழ்ச்சி இருக்கிறது. மதீனாவில் ஏழைகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். செல்வந்தர்களும் தங்களைப் போலவே தொழுகிறார்கள், நோன்பு வைக்கிறார்கள். ஆனால் கையில் பணம் இருப்பதால் தர்மமும் செய்து நன்மையில் முந்திவிடுகிறார்கள் என்பதுதான் அவர்களுடைய குறை. அப்போதுதான் நபியவர்கள் இந்த திக்ரைக் கற்றுக் கொடுத்தார்கள்.

அதாவது, கொடுக்கக் கையில் எதுவும் இல்லையே என்று ஏங்கியவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் இது. கொடுக்க வசதி உள்ளவர் கொடுக்காமல் தப்பித்துக்கொள்வதற்காகத் தரப்பட்டதல்ல. இன்று எத்தனை பேர் இதைத் தலைகீழாக ஆக்கி வைத்திருக்கிறார்கள்!

குர்ஆனிலும் இந்த இரண்டும் பிரித்துப் பேசப்படவில்லை. 63வது அத்தியாயத்தின் 9வது வசனம், செல்வமும் பிள்ளைகளும் இறை நினைவை மறக்கடித்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறது. அடுத்த வசனமே, மரணம் வருவதற்கு முன் செலவிடுங்கள் என்று கட்டளையிடுகிறது. நினைவில் இருப்பவனின் கை திறந்திருக்கும் என்பதுதானே இதன் பொருள்? 107வது அத்தியாயம் இன்னும் கடுமையானது. அநாதையை விரட்டுவதையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாததையும் சொல்லிவிட்டு, கவனமின்றியும் பிறர் பார்க்கவும் தொழுபவர்களுக்குக் கேடுதான் என்கிறது. அக்கம்பக்கத்தாருக்குச் சின்னப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களும் அதே பட்டியலில் வருகிறார்கள்.

நினைவு எப்படி இரக்கமாக மாறுகிறது? 93வது அத்தியாயத்தைப் பார்த்தால் தெரியும். நபியவர்கள் அநாதையாக இருந்தார்கள், அடைக்கலம் கிடைத்தது. தேவையுடையவராக இருந்தார்கள், தேவை நிறைந்தது. இதை நினைவூட்டிவிட்டு, ஆகவே அநாதையை அடக்கி ஒடுக்காதே, கேட்டு வருபவரை விரட்டாதே என்கிறது அந்த அத்தியாயம். தனக்குக் கிடைத்ததெல்லாம் தன் திறமை என்று நினைப்பவனுக்கு எதிரில் நிற்கும் ஏழை ஒரு தொல்லை. எல்லாமே கொடுக்கப்பட்டது என்று நினைவில் வைத்திருப்பவனுக்கோ அந்த ஏழை, நேற்றைய தன்னைப் போன்ற இன்னொருவர். திக்ர் செய்ய வேண்டிய வேலை இந்த நினைவை உயிரோடு வைத்திருப்பதுதான்.

நபியவர்கள் வாழ்விலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நீண்ட நேரம் தொழும் எண்ணத்தோடு நின்றவர்கள், ஒரு குழந்தையின் அழுகை கேட்டதும் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். தாயின் மனம் படும் பாட்டை நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். இறைவன் முன் நிற்கும்போதும் அந்தக் காது அழுகைக்கு மூடிக்கொள்ளவில்லை.

கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி (1928-2016) தன் மையங்களின் வாசலில் தொட்டில்களை வைத்தார். வேண்டாம் என்று பெற்ற குழந்தைகளைக் குப்பையில் வீசாமல் இங்கே விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. அவரும் மனைவி பில்கீஸும் அந்தக் குழந்தைகளை ஏற்று வளர்த்தார்கள். இது பாவத்துக்குத் துணை போகும் செயல் என்று மதத்தின் பெயரால் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அந்தக் குழந்தை செய்த பாவம் என்ன? அளவற்ற அருளாளன் என்று ஓதிய வாயால் ஒரு பச்சிளம் சிசுவை வெறுக்க முடிந்தால், அங்கே நினைக்கப்பட்டது யார்?

"கடவுளை நம்பாதவர்களிடமும் இரக்கம் இருக்கிறதே" என்று கேட்கலாம். நிச்சயம் இருக்கிறது. அதை மறுப்பது வெறும் ஆணவம். இங்கே கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல. ஐவேளைக் கடமையான தொழுகையில் மொத்தம் 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் ஃபாத்திஹா அத்தியாயம், அதில் ரஹ்மான், ரஹீம் என்ற பெயர்கள். ஒரு நாளில் குறைந்தது 17 முறை இறைவனின் கருணையைச் சொல்பவர், அதில் ஒரு துளியைக்கூட வெளியே கொண்டு வரவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மணியைக் கீழே போட வேண்டியதில்லை. 33 முறையும் சொல்லட்டும், 100 முறையும் சொல்லட்டும். சொல்லி முடித்து எழுந்ததும், வாசலில் நிற்பவரின் முகத்தை ஒரு முறை பார்க்கட்டும். ஓதியது உள்ளத்தில் இறங்கியதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.